அப்பா அடுக்கிய கல்வட்டம்

போன வருடம் என் அப்பாவுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு வயது என்று தீர்மானித்தார்கள். அவர் செத்தது என் மகள் உசாந்தி பிறந்த வருடம், நெருப்புக் காய்ச்சலில். வாழ்ந்த காலமெல்லாம் வயலில் நின்று, பீடி குடித்து, வாய்க்கால் தண்ணீருக்காகப் பக்கத்து வயல்காரனோடு சண்டை பிடித்த மனிதர். அவரைக் கொண்டுபோய் ஆதிமனிதர்களின் வரிசையில் நிறுத்தியது அந்நியர் யாருமில்லை. என் புருசன் குஞ்சித்தம்பிதான்.

அவர் புவியியல் படிப்பித்த மாஸ்டர். பென்சன் எடுப்பதற்கு முன்பே எங்கள் வீட்டில் கல்லுக்குத்தான் முதல் மரியாதை. கட்டிலுக்குக் கீழே கல், மேசை லாச்சிக்குள் கல், ஒருநாள் அரிசி வாளிக்குள்ளும் கல். ஊரில் அவருக்குக் கல்லு மாஸ்டர் என்று பட்டம். புதிதாகக் கேட்பவர்கள் காதில் அது கள்ளு மாஸ்டர் என்றுதான் விழும். வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடிக்காத மனிதருக்கு அப்படி ஒரு பெயர். அவர் சிரித்துக்கொண்டே போவார். ஆனால் அந்தப் பட்டம் அவருக்குள் முள்ளாகக் கிடந்தது என்று எனக்குத் தெரியும். பெண்சாதிக்குத் தெரியாத முள் உண்டா?

பென்சன் எடுத்த பிறகு, வவுணதீவுப் பக்கம் பூட்டிக் கிடந்த பழைய கூட்டுறவுச் சங்கக்கடைக் கட்டடத்தை அலைந்து திரிந்து வாங்கி, அதில் மியூசியம் வைத்தார். கண்ணாடி அலுமாரிகள் காத்தான்குடி உசனார் கொடுத்தவை. அவருடைய புடவைக் கடையில் கூறைச் சேலை அடுக்கியிருந்த தட்டில் கருங்கல்லும் பளிங்குக்கல்லும் போய் உட்கார்ந்தன. கிணறு வெட்டும்போது கிடைத்த சிப்பிகளை ஒரு தட்டில் வைத்தார். வாவி ஒரு காலத்தில் அவ்வளவு தூரம் ஏறிக் கிடந்ததற்கு அது சாட்சியாம். கடற்கரைக் கறுப்பு மண் ஒரு போத்தலில். ஆதிமனிதன் தோல் உரித்த கற்சில்லுகள் பஞ்சுக்கு மேலே. ஆதிகால யானையின் தாடை என்று கொஞ்சக்காலம் காட்டி, பிறகு எருமையுடையது என்று தெரிந்து ஒளித்துவைத்த எலும்பும் ஒன்று உண்டு. கண்ணாடி துடைத்தது நான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து மூக்கை அந்தக் கண்ணாடியில் அழுத்திப் பார்க்கும்போது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இல்லாததைச் சொல்ல மாட்டேன்.

இனி வயலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பரந்து கிடக்கும் வயல்வெளியை நாங்கள் வட்டை என்போம். ஒவ்வொரு வட்டைக்கும் ஒரு பெயர். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் பாயும் எங்கள் வட்டையின் நடுவே ஒரு பாறை கிடப்பதால் அதற்குக் கல்வட்டை என்று பெயர். எங்கள் பக்கத்தில் வீடும் வயலும் பெண்ணோடு போகும். அம்மா எனக்குத் தந்ததை உசாந்தியின் கலியாணத்தில் நான் அவளுக்குக் கொடுத்தேன். வயலை அவளும் மருமகன் கேதீசனும் செய்தார்கள். வீடும் அவளுடையது. நானும் குஞ்சித்தம்பியும் பின்னறையில் இருந்தோம்.

அந்த வயலின் மேட்டு மூலையில் பெரிய கற்கள் வட்டமாகக் கிடந்தன. மெசின் வராத காலத்தில் வெட்டிய கதிரைக் கட்டுக் கட்டாக வட்டமாக அடுக்கி வைப்போம். அதற்குச் சூடு என்று பெயர். நிலத்து ஈரம் ஏறி அடிக்கதிர் முளைத்துவிடாமல் இருக்க, சூட்டுக்குக் கீழே அப்பா அடுக்கிய கற்கள் அவை. நான் பெரியபிள்ளையான வருடம் அவர் அதை அடுக்கினார். பாறையடியிலிருந்து கற்களை உருட்டிக்கொண்டு வந்தார். நான் தண்ணீர்ச் செம்போடு நின்றேன். பிறகு வெட்டுமெசின் வந்தது, சூடு வைப்பது நின்றுபோனது, கற்கள் கிடந்த இடத்திலேயே கிடந்தன. மாடுகள் அதில் முதுகு தேய்க்கும்.

சில வருடங்களுக்கு முன்பு வாய்க்கால் தோண்ட வந்த பெக்கோ, அதே வட்டையில் எங்கள் வயலுக்கு வெகு தள்ளி, கறுப்பும் சிவப்புமான பழைய சட்டித் துண்டுகளைக் கிளறிப் போட்டது. குஞ்சித்தம்பி அன்றைக்குச் சோறும் தின்னவில்லை. துண்டுகளைக் கழுவிக் காயவைத்து அலுமாரியில் வைத்தார். அவை உண்மையாகவே பழையவை. அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. மியூசியத்தின் முறையான திறப்பு விழாவுக்கு விளக்கப் பலகைகளை ஒரு நிறுவனம் கொழும்பில் அச்சடித்துத் தருவதாகச் சொன்னது. இவர் எழுதிக் கொடுத்தது இப்படி: “பழங்கால மட்பாண்டத் துண்டுகள். கல்வட்டையில் கிடைத்தவை.”

பலகை வந்தபோது “கல்வட்டத்தில் கிடைத்தவை” என்றிருந்தது. அச்சகத்தில் பிழை திருத்தியவன் நல்ல தமிழ் படித்தவனாகத்தான் இருக்க வேண்டும். அவன் படித்த தமிழில் வட்டை என்றொரு சொல் இல்லை. பாவம், மாஸ்டர் பிழை விட்டுவிட்டார் என்று நினைத்துத் திருத்திவிட்டான். எங்கள் வயலையே அழித்த திருத்தம் அது.

“இஞ்ச பாருங்க, வட்டைய வட்டமாக்கிப் போட்டானுகள்” என்றேன்.

அவர் வாசித்தார். முதலில் சிரிப்பு வந்தது அவருக்கு. பிறகு இன்னொரு முறை வாசித்தார்.

“கல்வட்டம் எண்டா என்னெண்டு தெரியுமா புஸ்பம்? அந்தக் காலத்து ஆக்கள் மண்ணுக்க பிணம் தாட்ட இடத்தைச் சுத்திக் கல்லு நட்டு வெப்பாங்க. அதுக்குத்தான் அந்தப் பேர். ஆராய்ச்சிக்காரன் அதத் தேடி உலகமெல்லாம் திரியிறான்.”

“எங்கட வயலுக்க யாரும் பிணம் தாட்டதில்ல. மாத்தித் தரச் சொல்லி அனுப்புங்க.”

“திறப்பு விழா வந்திட்டு. மறுகாப் பாப்பம்.”

திறப்பு விழாவுக்கு உசனார் குடும்பத்தோடு வந்தார். பலகையைப் பார்த்தவுடன் அவருக்கு விளங்கிவிட்டது. எங்கள் மண்ணில் பிறந்தவருக்கு வட்டை தெரியாதா?

“என்ன மாஸ்டர், வட்டைய வட்டமாக்கிட்டீங்க? வேளாண்மை உருண்டோடிரப் போகுது, கவனம்!” என்றார். எல்லோரும் சிரித்தோம். குஞ்சித்தம்பியும் சிரித்தார். பலகை அப்படியே இருந்தது.

அதைப் பார்த்துவிட்டுத்தான் ஒரு பேராசிரியர் வந்தார். ஊர் எது, பல்கலைக்கழகம் எது என்று நான் சொல்லப் போவதில்லை. கல்வட்டம் எங்கே என்று கேட்டார். என் புருசன் அப்போது வாயைத் திறந்து, சேர், அது அச்சுப் பிழை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பேராசிரியரின் வாகனத்தில் முன் சீட்டில் ஏறி, வழி காட்டிக்கொண்டு போய், என் அப்பாவின் கற்களுக்கு முன்னால் இறக்கிவிட்டார். பேராசிரியர் அவருடைய கையைப் பிடித்து, “நீங்கள் ஒரு பெரிய ஆய்வாளர்” என்றாராம். அன்றைக்கு வீட்டுக்கு வந்த மனிதரின் முகத்தை நான் அதற்கு முன் ஒரேயொரு முறைதான் பார்த்திருக்கிறேன். உசாந்தி பிறந்தபோது.

“அது அப்பாட சூட்டுக் கல்லெண்டு அவரிட்டச் சொன்னீங்களா?” என்று கேட்டேன்.

“அவர் கேட்டார், நான் காட்டினன். கல்வட்டம் எண்டு நான் சொல்லல்ல. அவர்தான் சொன்னவர்.”

“இல்லையெண்டும் நீங்க சொல்லல்லையே.”

கொஞ்ச நாளில் பத்திரிகையில் படம் வந்தது. கற்களுக்குப் பக்கத்தில் குந்தியிருக்கும் குஞ்சித்தம்பி. கீழே “ஆய்வாளர்” என்று போட்டிருந்தார்கள். அதன் பிறகு கடைத்தெருவில் அவரை யாரும் கல்லு மாஸ்டர் என்று கூப்பிடவில்லை. நேற்றுவரை நக்கலடித்தவன் இன்று எழுந்து அவர் உட்காரக் கதிரை கொடுத்தான். மனிதருக்கு அது கள்ளைவிட அதிகமாக ஏறியது.

பேராசிரியருக்குப் பின்னால் அரசாங்கக் கந்தோர் ஆட்கள் வந்தார்கள். எந்தக் கந்தோர் என்று சொல்லி எனக்கு இன்னொரு வழக்கு வேண்டாம். முன்மாரி விதைப்புக்குக் கேதீசன் நிலத்தை உழுது, விதைநெல்லை ஊறப் போட்டிருந்தான். காலையில் போனால் எங்கள் வயலைச் சுற்றிக் கட்டைகள். உள்ளே உழுதால், தோண்டினால் தண்டனை என்று ஒரு பலகை. ஊறிய நெல் சாக்குக்குள்ளேயே முளைத்தது. அதைக் கேதீசன் முற்றத்தில் கொட்டி மாட்டுக்கு விட்டான். பேசாத மருமகனைப் பார்த்துக்கொண்டு ஒரு வீட்டில் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

உசாந்தி தகப்பனிடம் போனாள்.

“அப்பா, அது அம்மப்பா அடுக்கின கல்லெண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க. உங்கட சொல்ல அவங்க எடுப்பாங்க.”

“அது அவ்வளவு லேசில்ல மனே. ரெண்டாயிரத்து ஐந்நூறு வருசத்துக் கல்லெண்டு பேராசிரியர் எழுதியிட்டார். இப்ப நான் மாறிக் கதைச்சா மியூசியத்துக்குள்ள கிடக்கிற உண்மையான சாமானையும் பொய்யெண்டுருவாங்க. சிப்பியும் பொய், சட்டியும் பொய், நானும் பொய். எல்லாம் போயிரும்.”

அதில் ஒரு நியாயம் இருந்ததுதான். அதனால்தான் எனக்கு இன்னும் எரிந்தது.

“உங்கட சட்டி பொய்யாகாம இருக்க என்ட புள்ளட சட்டி காயணுமா?” என்று கேட்டேன். அவர் எழுந்து மியூசியத்துக்குப் போய்விட்டார்.

வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய் முறையிடுவது? நானே கந்தோருக்குப் போனேன். அங்கே சிவதர்ஷன் என்றொரு இளம் அதிகாரி இருந்தார். தமிழ்ப் பிள்ளை, மரியாதையான பிள்ளை. கதிரை தந்து, தேத்தண்ணி தந்து, நான் சொன்னதெல்லாம் கேட்டார். வட்டைக்கும் வட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னேன். சூட்டைச் சொன்னேன். பக்கத்து வயல்காரர்கள் சாட்சி சொல்வார்கள் என்றேன்.

“அம்மா, அவங்களெல்லாம் உங்கட ஆக்கள். உங்களுக்காகத்தான் சொல்லுவாங்க” என்றார். “உங்கட கணவர்ர மியூசியத்திலேயே கல்வட்டம் எண்டு எழுதிக் கிடக்கு. அவர் ஒரு ஆய்வாளர். அவர் ஒண்டும் சொல்லாம, நீங்க வந்து சொன்னா நாங்க என்னெண்டு எடுக்கிற?”

அடுத்த நாள் வீட்டிலிருந்த இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு வட்டைக்குப் போனேன். ஒளித்துப் போகவில்லை. நல்ல வெயிலில், எல்லோரும் பார்க்க, கட்டைகளைத் தாண்டி உள்ளே நடந்தேன். எனக்குத் திட்டம் ஒன்றும் இருக்கவில்லை. கோபம் மட்டும்தான் இருந்தது. ஒரு கல்லுக்குக் கீழே அலவாங்கைக் கொடுத்து நெம்பினேன். அது புரண்டு மறுபக்கம் விழுந்தது.

கல் இருந்த பள்ளத்தில் ஒரு பை கிடந்தது. யூரியாப் பை. ஈரம் தடுக்க அப்பா அதை விரித்து, அதன் மேல்தான் கல்லை வைத்திருக்கிறார். எனக்கே அது மறந்துபோயிருந்தது. வெள்ளை நிறம் பழுத்துப் போய், கல்லின் பாரத்தில் மண்ணோடு மண்ணாக அழுந்தி, ஆனால் எழுத்து பாதிக்கு மேல் அழியாமல் இருந்தது. புல்வேர்கள் அதைத் துளைத்துக்கொண்டு போயிருந்தன. நான் அந்த இடத்திலேயே குந்திச் சிரித்தேன். ஆதிமனிதன் யூரியா போட்டானா? பிறகு போனை எடுத்துப் புருசனைக் கூப்பிட்டேன்.

அவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். பள்ளத்துக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டுப் பார்த்தார். கல் பார்க்கும் கண் அது, பொய் சொல்லாது. வேரைத் தொட்டார், மண்ணின் அழுத்தத்தைப் பார்த்தார், பையின் ஓரத்தை விரலால் தடவினார்.

“இது மாமாட வேலதான்” என்றார்.

“அப்ப அவங்களுக்குச் சொல்லுவீங்களா?”

“ஓம். சொல்லுறன். நீ ஒண்டையும் தொடாத. கிடக்கிறபடி கிடக்கட்டும். நானே அவங்களக் கூப்பிடுறன்.”

என் கண்முன்னாலேயே போன் எடுத்தார். அன்றைக்கு அவருக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் வரும்போது அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு வந்தேன். வீட்டில் உசாந்தியிடம் சொன்னேன். கேதீசன் பல நாளுக்குப் பிறகு வாய் திறந்து, “விதைநெல் பாக்கணும்” என்றான்.

அடுத்த நாள் சிவதர்ஷன் வந்தார். கூடவே பொலிஸும் வந்தது. பின்னால் அந்தப் பேராசிரியரும் வந்து இறங்கினார். அவரை யார் கூப்பிட்டது என்று எனக்குத் தெரியாது. இறங்கியவர் நேரே குஞ்சித்தம்பியிடம் போய்த் தோளில் கை போட்டு, “இப்படிச் செய்துவிட்டார்களே” என்றார். செத்த வீட்டுக்கு வந்தவர் மாதிரி.

நான் பையைக் காட்டினேன். சிவதர்ஷன் குனிந்து பார்த்தார்.

“அம்மா, கல்லைப் புரட்டினது நீங்க. இத நீங்க கொண்டு வந்து வெக்கல்லயெண்டு யார் சொல்லுற?”

“இவர் பாத்தவர். வேர் ஓடிக் கிடக்கிறதெல்லாம் பாத்தவர். இவரிட்டக் கேளுங்க.”

சிவதர்ஷன் என் புருசனைப் பார்த்தார். “சேர், நீங்க சொல்லுங்க. இது கல்லுக்குக் கீழயா கிடந்தது?”

குஞ்சித்தம்பி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். பேராசிரியர் பக்கத்தில் நின்றார். பொலிஸ்காரர் எழுத ஆயத்தமாக நின்றார். உசாந்தியும் கேதீசனும் கட்டைகளுக்கு வெளியே நின்றார்கள்.

“நான் வரக்குள்ள கல்லுப் புரண்டு கிடந்தது” என்றார். “அதுக்கு முந்தி கீழ என்ன கிடந்ததெண்டு நான் காணல்ல.”

ஒரு பொய்கூட இல்லை பாருங்கள். அளந்து எடுத்த உண்மை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், முழு வயலையும் மறைத்த மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன். “வேரு!” என்று கத்தினேன். “வேரப் பத்திச் சொல்லுங்க!” அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். என்னைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார். அவரை நான் அடித்திருப்பேன். பொலிஸ் நின்றதால் கையை மடக்கிக்கொண்டேன்.

பிறகு நடந்ததைச் சொல்வதற்கு அதிகம் இல்லை. புராதனச் சின்னத்தைச் சேதப்படுத்தியதாக என் மேல் வழக்கு. அது இன்னும் நடக்கிறது. பையை மட்டும் தனியாக ஒரு உறையில் போட்டு, நான் வைத்த பொய்ச் சாட்சி என்று எடுத்துப் போனார்கள். எங்கள் வயலைச் சுற்றியிருந்த கட்டைகளைக் கழற்றி, அதைவிட உறுதியாகக் கம்பி வேலி போட்டார்கள். கேதீசன் இப்போது மற்றவர்களின் வயலில் மெசின் ஓட்டப் போகிறான்.

ஆனால் அன்றைய பொழுதை மட்டும் சொல்லத்தான் வேண்டும். பொலிஸ் என்னைக் கூட்டிப்போய் வாக்குமூலம் எடுத்து விட்ட பிறகு கேதீசன் என்னை வீட்டுக்குக் கூட்டி வந்தான். வழி நெடுக என் மனதில் வசைதான் ஓடியது. அவர் படலையைத் திறந்துகொண்டு வரட்டும், ஊர் கூடும்படி பேசுவேன், கட்டிலுக்குக் கீழே கிடக்கும் கல்லையெல்லாம் அள்ளி முற்றத்தில் எறிவேன் என்று ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்துவைத்திருந்தேன்.

பொழுது படும் நேரத்தில் அவர் வந்தார். தலை குனிந்தபடி வந்து, கிணற்றடியில் கால் கழுவி, பின்னறைக்குப் போகத் திரும்பினார். நான் வாயைத் திறப்பதற்குள் உசாந்தி குசினியிலிருந்து வந்தாள். முன் விறாந்தை மேசையில் சோற்றுக் கோப்பையை வைத்தாள். பக்கத்தில் மீன் ஆணம். கை கழுவச் செம்பில் தண்ணீர். வெளி ஆட்கள் வந்தால்தான் நாங்கள் அந்த மேசையில் சோறு வைப்போம்.

“சாப்பிட்டுப் போங்க, அப்பா” என்றாள்.

அவர் நின்றார். “எங்க மனே போற?”

அவள் கோபமாகப் பார்க்கவில்லை. தூரத்திலிருந்து வந்தவருக்குப் பரிமாறுவதுபோல, கறி போதுமா என்று பார்த்துவிட்டுக் கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக் கொடுத்தாள். அவளுடைய வீடு அது. நான்தான் கொடுத்தேன்.

அவர் உட்கார்ந்து சாப்பிட்டார். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். கை கழுவினார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, படலைவரை போய், திரும்பி என்னைப் பார்த்தார். சேர்த்துவைத்த அத்தனை வசையில் ஒன்றுகூட என் வாயில் வரவில்லை. மோட்டார் சைக்கிள் மியூசியத்துப் பக்கம் போகும் சத்தம் கேட்டது. கோப்பையை எடுக்கப் போனவள் உசாந்தி. நான் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவருக்காக அழவில்லை என்று சொல்லத்தான் ஆசை.